கேளுங்கோ, சொல்லுறன்: சந்தையடிக் காலமைச் சாப்பாடு

கேள்வி: ஆடி மாச லீவுக்குப் பிள்ளையளோட கிளிநொச்சிக்கு வாறம் அக்கா. இங்க சனிக்கிழமையில ஃபார்மர்ஸ் மார்க்கெட்டுக்குப் போய் அங்கயே காலமைச் சாப்பாட்டையும் முடிச்சிட்டு வாறதெண்டா பிள்ளையளுக்குச் சரியான விருப்பம். வன்னியிலயும் அப்பிடி ஏதும் இருக்கோ?
– ஒரு வாசகி, கனடா

பதில்: இருக்குத் தங்கச்சி, வடிவா இருக்கு, ஆனா நீங்கள் வெள்ளன எழும்போணும். கிளிநொச்சிச் சந்தையெண்டாலும் சரி, புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பக்கமெண்டாலும் சரி, விடிய மரக்கறி வந்து இறங்கிற நேரந்தான் நேரம், பயித்தங்காயும் கத்தரிக்காயும் பனி காயாமக் கிடக்கும், அந்த நேரம் பக்கத்துக் கடையளில புட்டு நீத்துப்பெட்டியில இருந்து அப்பத்தான் விழும். ஒன்பது மணிக்குப் பிறகு போனா அனேகமா ரோல்சும் பணிசுந்தான் மிஞ்சும், அதுக்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை.

பிள்ளையளுக்கு முதல் சிவப்பரிசிமாப் புட்டு வாங்கிக் குடுங்கோ. கோதம்பமாப் புட்டு எங்கயும் கிடைக்கும். ஆட்டக்காரி, மொட்டைக்கறுப்பன் எண்டு எங்கட பக்கத்து நெல்லு இடிச்ச மா கிடைச்சா அந்த வாசமே வேற. அதோட சந்தையிலயே ஒரு சீப்புக் கதலி வாங்கிக்கொண்டு போங்கோ, உறைப்புத் தின்னாத பிள்ளை புட்டையும் பழத்தையும் பிசைஞ்சு தின்னும். பெரியாக்களுக்குச் சொதியும் இடிச்ச சம்பலும். வழியில பாலைப்பழம் கண்டா விடாதேங்கோ, சொண்டு ஒட்டுமெண்டு பிள்ளையளுக்கு முதலே சொல்லிவைச்சாச் சரி. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில கச்சான் வாங்கிறது உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லைத்தானே.

சந்தை நெரிசல் பிள்ளையளுக்கு ஒத்துவராட்டி அம்மாச்சி உணவகத்துக்குப் போங்கோ. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லா இடமும் இருக்கு. சமைக்கிறதும் விக்கிறதும் பொம்பிளையள்தான், உங்கட கண்ணுக்கு முன்னாலயே தோசை சுட்டுத் தருவினம், குரக்கன் ரொட்டி, உளுந்து வடை, இலைக்கஞ்சி எல்லாம் கிடைக்கும். 2009இல யுத்தம் முடிஞ்சாப் பிறகு இஞ்ச கன குடும்பங்களைத் தனியப் பொம்பிளையள்தான் கொண்டு நடத்தினவை, இண்டைக்கும் நடத்தினம், அதால உங்கட சாப்பாட்டுக் காசு நேராப் போய்ச் சேரவேண்டிய கைக்கே போகுது. அங்கயும் சரி, கீரைக்கட்டோட நிலத்தில இருக்கிற ஆச்சியளிட்டயும் சரி, தயவுசெய்து விலை குறைச்சுக் கேக்காதேங்கோ. வீட்டில இருந்து ஒரு டிபன் பொக்ஸும் கொண்டு போங்கோ, சுடு புட்டை லஞ்ச் சீட் எண்ட பிளாஸ்டிக் தாளில சுத்திறது நல்லதில்லை.

கேள்வி: அப்பாவுக்குச் சலரோகம். சந்தையில குரக்கன் புட்டு எவ்வளவும் சாப்பிடலாமெண்டு நிக்கிறார். உண்மையோ?
– ஒரு மகள், மாங்குளம்

பதில்: இல்லை பிள்ளை. குரக்கன் நல்ல சாமான்தான், 100 கிராமில 300 மில்லிகிராமுக்கு மேல கல்சியம் இருக்கு, நார்ச்சத்தும் இருக்கு, ஆனா அதுவும் மாச்சத்துத்தான், கூடத் திண்டா இரத்தத்தில சீனி ஏறும். புட்டைக் குறைச்சு, அதோட அவிச்ச பயறோ கௌபியோ ஒரு கீரையோ சேர்த்துக் குடுங்கோ. இலைக்கஞ்சி குடிக்கிறாரெண்டா வலு நல்லம், ஆனா பக்கத்தில வைச்சுக் கடிக்கிற சக்கரையை எடுத்துப்போடுங்கோ. சீனியை எழும்பின உடனயும் சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தாலயும் ஒருக்காப் பாத்தா அவருக்கு எது ஒத்துவருதெண்டு விளங்கும். மருந்துக் கணக்கை கிளினிக்கில கேளுங்கோ, என்னட்டையோ சந்தையிலயோ கேக்கிற விசயமில்லை அது.

கேள்வி: சந்தையில திண்ட குரக்கன் புட்டு பஞ்சா இருந்தது, வீட்டில நான் அவிச்சாக் கட்டி கட்டியா வருது. ஏன்?
– ஒரு புதுப் பொம்பிளை, வவுனியா

பதில்: தண்ணி கூடிப்போகுதம்மா. குரக்கன் மாவுக்கு அரிசி மாவைப்போலத் தண்ணி விடேலாது, சட்டெண்டு பிசுபிசுக்கும். வறுத்த அரிசிமாவும் குரக்கன் மாவும் சரி பாதி எடுத்து, உப்புத் தண்ணியைக் கையால தெளிச்சுத் தெளிச்சு விரல் நுனியால உதிர்த்துக்கொண்டு வாங்கோ, ஒரே அடியா ஊத்தாதேங்கோ. பிடிச்சாப் பிடிபடோணும், தட்டினா உதிரோணும், அதுதான் பதம். அப்பிடியும் கட்டி விழுந்தா ஒருக்கா அரிச்சு எடுங்கோ. பிறகுதான் தேங்காய்ப்பூ, அதிலயும் கஞ்சத்தனம் பாக்காதேங்கோ. நீத்துப்பெட்டியில அமத்தி அடையாமச் சும்மா போட்டு, நல்லா ஆவி மேல வந்தாப் பிறகு பத்து நிமிசம் விட்டாக் காணும்.