அக்காவுக்கு வராத அனல் எனக்கு மட்டும் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 44. பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. ஃபைப்ராய்டு கட்டிக்காகப் போன வருடம் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இரண்டாவது வாரத்திலிருந்தே நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று அனலடித்து வியர்த்துக் கொட்டுகிறது. ராத்திரி தூக்கமே இல்லை. அக்காவுக்கு 50 வயதில் மாதவிலக்கு நின்றது, இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உடம்புச் சூடு என்று வீட்டில் இளநீரும் வெந்தயமும் தருகிறார்கள்.

பதில்: முதலில் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று அதில் இருக்கும், பயாப்ஸி ரிப்போர்ட்டிலும் இருக்கும். கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன பல பெண்களுக்கு இது தெரிவதே இல்லை. விளக்கிச் சொல்ல வேண்டியது மருத்துவர்களான எங்கள் கடமை.

இரண்டே வாரத்தில் தொடங்கியதைப் பார்த்தால் சினைப்பைகளையும் எடுத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. அக்காவுக்கு, சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சில வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கும். சினைப்பையை எடுத்தால் ஓரிரு நாளிலேயே சரிந்துவிடும். அனல் வருவதற்கும், கடுமையாக வருவதற்கும் இதைவிடப் பெரிய காரணம் அதிகமில்லை. மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஹைபோதலாமஸ் பகுதி ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் பதற்றமாகிவிடுகிறது. வெப்பம் இம்மியளவு ஏறினாலும் ரத்தக்குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. இளநீரைத் தாராளமாகக் குடியுங்கள், ஆனால் அது இந்தக் காரணத்தைத் தொடாது.

உடல் எடை கூடியவர்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும், மனக்கவலை அதிகமுள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. வீட்டில் யாராவது பீடி பிடித்தால் வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் மாத்திரையும் அனலைக் கிளப்பும். வறுக்கும் கொட்டகையின் சூடு, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் டீ, நம் கடலோரக் கத்திரி வெயில் புழுக்கம் எல்லாம் அனலைத் தூண்டிவிடும், அவ்வளவுதான். முடிந்தால் அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் உட்காரக் கேளுங்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகாதீர்கள். 45 வயதுக்குள் சினைப்பையை இழந்தால் எலும்பு சீக்கிரம் தேயும், இதயத்துக்கும் நல்லதல்ல. அதனால், தடை எதுவும் இல்லையென்றால், இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரை ஹார்மோன் சிகிச்சை தருவதுதான் முறை. கர்ப்பப்பை இல்லாததால் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும். மார்பகப் புற்றுநோய், காலில் ரத்தம் உறைதல், பக்கவாதம், கல்லீரல் நோய் இருந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அப்படிப்பட்டவர்களுக்கு ஹார்மோன் இல்லாத வேறு மாத்திரைகள் உண்டு. கடலூர் அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ மகளிர் பிரிவில் அந்தச் சம்மரியோடு போய்க் காட்டுங்கள்.

வியர்வையோடு மாலைக் காய்ச்சல், எடை குறைவு, விடாத இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். படபடப்பும் கை நடுக்கமும் இருந்தால் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.