கிளிக்கு கி போட்டா என்ன வரும்?

அன்புள்ள அக்கா,

எனக்கு சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம், இப்ப பெங்களூர்ல வேலை. பொண்ணுக்கு ஆறு வயசு. போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப எங்கம்மா பேச்சுவாக்குல ‘கொடுக்காப்புளி’ன்னு சொன்னாங்க, அவ்ளோதான், அன்னைலேருந்து பல் தேய்க்கிறப்ப, ஸ்கூல் வேன்ல, தூங்கப்போறப்பன்னு நாள் முழுக்க கொடுக்காப்புளி ஜபம்தான். அந்தக் காயை அவ கண்ணால பாத்ததுகூட இல்ல. அடுத்து ‘குந்தாணி’ புடிச்சிருக்கா. ரோட்டுல யாரு குண்டா போனாலும் “அப்பா குந்தாணி”ங்கறா, மானம் போகுது. நேத்து காப்பி கீப்பி, தோசை கீசைன்னு கையில கிடைச்சதுக்கெல்லாம் கீ போட்டு விளையாடிட்டிருந்தவ திடீர்னு “அப்பா, கிளிக்கு என்ன?”ன்னுட்டா. முழிச்சேன். இதெல்லாம் இரட்டைக்கிளவிதானேக்கா? கிளிக்கு என்னதான் சொல்றது? உங்களுக்குப் பிடிச்ச வார்த்தை எது?

(பேர் போடாதீங்க, குந்தாணி மேட்டர் ஆபிஸ்ல தெரிஞ்சா வம்பு.)

அன்புள்ள தம்பி,

உங்க கடிதத்தைப் படிச்சிட்டு கிச்சன்ல நின்னு ஒவ்வொண்ணா சொல்லிப் பாத்தேன். கிளி கிளி. கிணறு கிணறு. கீரை கீரை. கடைசியா சொன்னதை கேட்டுட்டு ஹால்லேருந்து வீட்டுக்காரர் “வந்துட்டாங்களா, அரைக்கீரை இருக்கான்னு கேளு”ங்கறார். உங்க பொண்ணு சரியான இடத்துல கையை வெச்சிருக்கா. எந்த வார்த்தையா இருந்தாலும் முதல் எழுத்தைத் தூக்கிட்டு, குறிலா இருந்தா கி, நெடிலா இருந்தா கீ, அவ்ளோதான் சட்டம். பணம் கிணம், பாம்பு கீம்பு. நேத்து வந்த சாமானுக்கும் இது செல்லும், லேப்டாப் கீப்டாப்னு தாராளமா சொல்றோம், யாரும் சொல்லிக்குடுக்கல. ஆனா வார்த்தையே கி-ல ஆரம்பிச்சா மெஷின் மக்கர் பண்ணுது. எங்க வீட்ல அந்த மாதிரி நேரத்துல ‘கிளி மிளி’ன்னு ம-வை வெச்சு சமாளிப்போம், இல்லன்னா கிளியை விட்டுட்டு ‘பறவை கிறவை’ன்னு சுத்தி வளைச்சுப் போயிடுவோம்.

இரட்டைக்கிளவியான்னு கேட்டீங்க. இல்ல. எனக்கும் ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க, ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன். ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ன்னு தொல்காப்பியம் சொல்லுது, அதாவது ரெண்டா வந்தாத்தான் உசுரு, பிரிச்சா செத்துடும். முறுக்கு மொறுமொறுன்னு இருக்கும், வெறும் மொறுன்னு இருக்காது. காப்பி கீப்பி அப்படி இல்லையே, காப்பி தனியா ஜம்முனு நிக்குது, கீப்பிதான் ஒட்டுண்ணி. இதுக்கு மொழியியல்காரங்க எதிரொலிச் சொல்னு பேர் வெச்சிருக்காங்க. எமனோன்னு ஒரு அறிஞர், நீலகிரில தோடர்கள் பேசற மொழியில இருக்கற எதிரொலிச் சொற்களைப் பத்தி 1938லயே தனியா கட்டுரை எழுதியிருக்கார். உங்க ஊர் கன்னடத்துலயும் ‘ஊட்டா கீட்டா’ உண்டு, க மட்டும் நம்ம தங்கம்ல வர்ற மாதிரி மெத்துனு வரும், ஹிந்திக்காரங்க அந்த இடத்துல வ போட்டு ‘சாய் வாய்’ம்பாங்க. பாப்பா ஸ்கூல்ல இது மூணையும் கலந்து அடிக்கப்போறா பாருங்க.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. ‘காப்பி கீப்பி குடிக்கிறீங்களா’ன்னா காப்பியோ டீயோ ஏதோ ஒண்ணுன்னு உபசாரம். அதே கீ, “காதல் கீதல்னு வந்து நின்னே...”ன்னு எங்கப்பா வாயில வந்தப்ப (எனக்கில்ல, எங்கக்காவுக்கு, நான் கதவுக்குப் பின்னாடி) அந்தக் காதல் அப்படியே சுருங்கி சுண்டைக்காய் ஆயிடுச்சு. இ, ஈ சொல்றப்ப வாய் இடுங்கிப்போகுது இல்லையா, அதனாலதான் பொருளும் சின்னதாயிடுதோன்னு எனக்கு ஒரு ஊகம். 1929ல சபீர்னு ஒரு அமெரிக்க மொழியியலாளர் மில், மால்னு அர்த்தமே இல்லாத ரெண்டு சத்தத்தைக் குடுத்து எது பெரிய மேஜைன்னு கேட்டார், பெரும்பாலான பேர் மால்தான் பெருசுன்னாங்க. என் ஊகத்துக்கு இது சாட்சி ஆகாது, ஆனா எங்கப்பாவை நினைச்சா ஆகும்னுதான் தோணுது.

குந்தாணி விஷயத்துல உங்க பொண்ணைத் திட்டாதீங்க. 2001ல வி.எஸ். ராமச்சந்திரனும் ஹப்பர்டும் கூர்கூரா ஒரு படம், கொழகொழன்னு ஒரு படம் ரெண்டையும் காட்டி இதுல எது கிகி, எது பூபான்னு கேட்டாங்க, அமெரிக்க மாணவர்கள்கிட்டயும் நம்ம தமிழ் பேசறவங்ககிட்டயும். நூத்துக்கு 95 பேருக்கு மேல கூரானதைத்தான் கிகின்னாங்க. குந்தாணி, குண்டு, உருண்டை, கொழுக்கட்டை, பூசணி... சொல்லிப் பாருங்க, உதடே உருண்டுக்கும். (ஊசியும் ஊ-லதான் ஆரம்பிக்குது, அதை யாரும் கேக்காத வரைக்கும் நல்லது.)

குந்தாணின்னா நிஜத்துல என்னன்னு அவளுக்கு சொல்லிருங்க. எங்க ஆச்சி வீட்டு உரல் மேல ஒரு வட்டக் கூடு உக்காந்திருக்கும், உலக்கை போடறப்ப அரிசி தெறிச்சு வெளிய போகாம தடுக்கறதுக்கு. ஆச்சி குத்தறப்ப நான் எதிர்ல உக்காந்து அதை ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்குவேன், ஒவ்வொரு போடுக்கும் கன்னம் அதிரும். உரலும் போச்சு கூடும் போச்சு, திட்டு மட்டும் பெங்களூர் வரைக்கும் வந்திருக்கு.

எனக்குப் பிடிச்ச வார்த்தைன்னா கொசுறு. தெலுங்குலேருந்து வந்து நம்ம காய்கறிக் கடையில செட்டிலானது. கடைசியில ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில திணிக்கிறாங்களே, அந்தக் கை அசைவே அந்த சத்தத்துல இருக்கு. கஸ்மாலமும் பிடிக்கும், மெட்ராஸ் திட்டுன்னு நாம நினைக்கிறது கீதையில கிருஷ்ணன் அர்ஜுனனைப் பாத்துக் கேட்ட கஸ்மலம்தான், அங்கேருந்து ரிக்‌ஷா ஸ்டாண்டு வரைக்கும் அது எப்படி வந்துச்சோ.

விட்டது ஒண்ணு இருக்கு. கேப்மாரி. சொல்றதுக்கு அவ்ளோ சுகமா இருக்கும், காலேஜ்ல வாய்க்கு வாய் சொல்லிருக்கேன். வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டத்துல பொறந்ததுமே திருடன்னு முத்திரை குத்தின ஜனங்கள்ல ஒரு சமூகத்தோட பேர் அதுன்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது, இன்னைக்கும் நம்ம அரசாங்கத்தோட சீர்மரபினர் பட்டியல்ல அந்தப் பேர் இருக்கு. அதுக்கப்புறம் வரல. இந்த ஒரு வார்த்தை பாப்பா வாயில ஒட்டிக்காம பாத்துக்கங்க.

கொடுக்காப்புளி கோடையில வரும், ஊர்லேருந்து யாராச்சும் வந்தா ஒரு பை கொண்டுவரச் சொல்லுங்க. மெக்சிகோ பக்கத்து மரம், நம்ம ஊர் வேலியிலேயே பொறந்த மாதிரி நிக்கும். முறுக்கிக்கிட்டிருக்கற காயைப் பிரிச்சா உள்ள வெள்ளையும் ரோஸுமா சதை, கொஞ்சம் இனிப்பு, நிறைய துவர்ப்பு, ரெண்டு தின்னதும் தொண்டையைப் புடிக்கும். கறுப்பு விதையை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. அந்தக் கறுப்புத் தோலை நகத்தால உரிக்கணும், அடியில இருக்கற பழுப்புத் தோல்ல ஒரு கீறல்கூட விழக்கூடாது, நாங்க மத்தியானம் பூரா உக்காந்து இதைத்தான் பண்ணுவோம். எனக்கு ஒருதடவைகூட முழுசா வந்ததில்ல. அவளுக்கு வந்தா எழுதுங்க.