முதுகுவலியும் மலச்சிக்கலும்: பினாங்கிலிருந்து சில கேள்விகள்

ஜெலுத்தோங்: ஐயா, முதுகுவலிக்கு டிரமடோல் தொடங்கியதிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறேன். இசப்கோல் (நார்த்தூள்) குடித்தால் வயிறு இன்னும் உப்புகிறது. ஏன்?

டிரமடோல், கோடீன் போன்ற வலி மாத்திரைகள் குடலின் அசைவையே மந்தமாக்கும். மலம் உள்ளே தங்கத் தங்க நீர் உறிஞ்சப்பட்டு இறுகும். அசையாத குடலில் இசப்கோலைச் சேர்த்தால் பருமன் கூடுமே தவிர நகராது. அதை இப்போதைக்கு நிறுத்துங்கள். டிரமடோலைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். அளவைக் குறைக்கலாமா, லாக்டுலோஸ் என்ற மலமிளக்கியைச் சேர்க்கலாமா என்று எழுதித் தந்த டாக்டரிடம் கேளுங்கள். இங்கே “இயற்கை வழி மட்டும்” என்ற பிடிவாதம் உதவாது.

பாயான் லெப்பாஸ்: ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. நான் இசப்கோல் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள். சாப்பாடு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் தானாகச் சுருங்கும்; தூங்கி எழுந்து உண்ணும் முதல் உணவுக்குப் பின் இது பலமாக இருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து மதியம் எழுந்தால், அந்தச் சாப்பாடுதான் உங்களுக்குக் காலைப் பசியாறல். அது முடிந்து 15 முதல் 30 நிமிடத்துக்குள் போய் உட்காருங்கள். பத்து நிமிடம் போதும், கைப்பேசி வேண்டாம். காலடியில் 15 முதல் 20 செ.மீ. உயர முக்காலி, முழங்கால் இடுப்புக்கு மேலே, முழங்கை தொடையில். மூச்சைப் பிடித்து முக்காமல், வயிற்றை முன்னே தள்ளி மெல்ல மூச்சை விடுங்கள். குந்தும் கழிவறையென்றால் முக்காலி தேவையில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்குத்தான் குந்துவது ஒத்துவராது.

இசப்கோல் ஒரு தேக்கரண்டி, 250 மி.லி. தண்ணீரில் கலந்து கூழாகும் முன் குடியுங்கள், பின்னாலேயே இன்னொரு கிளாஸ் தண்ணீர். ஒரு வாரம் கழித்து இரண்டு கரண்டி. தொடக்கத்தில் கொஞ்சம் வாயு வரும். குடித்த உடனே படுக்கக்கூடாது. விழுங்கச் சிரமப்படுபவர்கள் தொடவே வேண்டாம்.

ஆயர் ஈத்தாம்: தினமும் பப்பாளி சாப்பிடுகிறேன், பலன் இல்லையே?

பப்பாளிக்குப் பெயர்தான் பெரிது. 100 கிராமில் நார் 2 கிராமுக்கும் குறைவு. விதையோடு கொய்யாவில் சுமார் 5 கிராம். தினம் இரண்டு கிவி, அல்லது ‘புரூன்ஸ்’ எனும் உலர் பிளம்ஸ் காலை 50 கிராம், மாலை 50 கிராம்: ஆய்வுகளில் இவை இசப்கோலுக்கு இணையாகவே பலன் தந்தன. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு கிவியே மேல். ரொட்டி சானாயை விட முடியாதென்றால் பருப்புக் குழம்பைக் கூடுதலாக ஊற்றச் சொல்லுங்கள். அந்தத் தட்டில் நார் உள்ளது அதில்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பெலிம்பிங் (ஸ்டார் ஃப்ரூட்) பழத்தையும் ஜூஸையும் அறவே தவிர்க்க வேண்டும். அதிலுள்ள நஞ்சு மூளையைத் தாக்கும். அடங்காத விக்கலில் தொடங்கிக் குழப்பம், வலிப்பு வரை போகும்.

பட்டர்வொர்த்: அம்மாவுக்கு முழங்கால் வலி. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஜாமு என்ற மூலிகை மருந்து சாப்பிட்டு இரண்டே நாளில் வலி பறந்தது. மூலிகைதானே, தொடரலாமா?

இரண்டே நாளில் பறந்ததுதான் சந்தேகமே. இப்படிப்பட்ட ஜாமுவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்து பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் வட்டமாக உப்புவது, சர்க்கரை ஏறுவது, லேசாக இடித்தாலும் தோல் கன்றுவது அடையாளங்கள். பல வாரமாகச் சாப்பிட்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பாட்டிலோடு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தின் எண் ‘எம்ஏஎல்’ (MAL) எனத் தொடங்கும், இலக்கங்களுக்குப் பின் ‘டி’ (T) என்ற எழுத்து வரும்.

வலிக்கு: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி பிடித்து இறக்கட்டும், ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, காலையும் மாலையும். நடையில் பலர் செய்யும் தவறு, வலி குறைந்த நாளில் பூங்காவை முழுசாகச் சுற்றிவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வது. வலி கூடாமல் 8 நிமிடம் நடக்க முடிந்தால், நல்ல நாளிலும் 8 நிமிடமே நடக்கட்டும். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள்.

ஜார்ஜ் டவுன்: மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவலாமா?

தேவையில்லை. வயிறு பிடித்து இழுக்கும், நீர்ச்சத்தும் போகும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது.

ஜெலுத்தோங்: எப்போது பயப்பட வேண்டும், ஐயா?

முதுகுவலியோடு தொடையிடுக்கு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ அன்றே எமர்ஜென்சிக்குப் போங்கள். தண்டுவட நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம், தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல் என்றால் அந்த வாரத்திலேயே டாக்டரைப் பாருங்கள்.