அப்பாவின் மூளை இரண்டே மாதத்தில் மாறிவிட்டதா?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 68 வயது, மறதி. மார்ச்சில் ஒரு சென்டரில் ரெஸ்டிங் ஸ்டேட் எம்ஆர்ஐ எடுத்தோம். 2 நொடிக்கு ஒரு படமாம். மே மாதம் இன்னொரு சென்டரில், 0.8 நொடிக்கு ஒன்று. இரண்டாவது ரிப்போர்ட்டில் 'மூளை இணைப்பு குறைந்துள்ளது' என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று எடுத்துவிடலாமா?"

வேண்டாம் அம்மா. சும்மா படுத்திருக்கும்போது மூளையின் எந்தெந்த இடங்களில் ரத்த ஓட்டம் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்ப்பதுதான் இந்த ஸ்கேன்; அந்தச் சேர்க்கையைத்தான் 'இணைப்பு' என்று எண்ணாகப் போடுகிறார்கள். படமெடுத்த வேகமே வேறு என்பதால், இரண்டு ரிப்போர்ட்டின் இணைப்பு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது.

மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் நிற்கிறீர்கள். சரியாக 4 நிமிடத்துக்கு ஒரு லோக்கல் வருகிறது (ஒரு பேச்சுக்குத்தான்!). நீங்கள் 4 நிமிடம் 10 நொடிக்கு ஒரு போட்டோ எடுக்கிறீர்கள். படங்களை மட்டும் பார்ப்பவருக்கு, ஒரே வண்டி ஆமை போல ஊர்வதாகத்தான் தெரியும்.

ஸ்கேனிலும் இதே கூத்துதான். அப்பாவின் நாடி நிமிடத்துக்கு 63 என்று வையுங்கள். 2 நொடியில் 2.1 துடிப்பு. ஒவ்வொரு படத்திலும் துடிப்பு பத்தில் ஒரு பங்கு தள்ளிப் போகும், பத்துப் படத்தில் ஒரு சுற்று முடியும். ஆக வேகமான இதயத்துடிப்பு, 20 நொடிக்கு ஒரு மெதுவான அலையாக வேஷம் போட்டுக்கொள்கிறது. நாம் தேடும் மூளை அலைகளும் 10 முதல் 100 நொடிக்கு ஒன்று என்ற மெதுவான ஆசாமிகள்தான், அதனால் யார் யாரென்று வடிகட்டிப் பிரிக்க முடியாது. ரத்தக் குழாயை ஒட்டிய இடங்களெல்லாம் சேர்ந்து துடிப்பதால் 'இணைப்பு' ஏறியதாகவும் காட்டும். 0.8 நொடியில் எடுத்தால் அதே துடிப்பு 5 நொடி அலையாக விழும், வடிகட்டித் தள்ளிவிடலாம்.

அப்படியானால் வேகமே நல்லதா? மூளை இணைப்புகளை ஆராய்ந்த அமெரிக்காவின் ஹ்யூமன் கனெக்டோம் திட்டத்தில் 0.72 நொடிக்கு ஒன்று எடுத்தார்கள். ஆனால் ஒரு ஓட்டமே கால் மணி நேரம். வேகத்துக்காகப் பல அடுக்குகளை ஒரே சமயத்தில் படமெடுக்கும்போது ஒவ்வொரு படத்திலும் சமிக்ஞை மங்கும், இரைச்சல் கூடும், இணைப்பு எண் இறங்கும். 6 நிமிடத்தில் 180 படத்துக்குப் பதில் 450 கிடைத்தாலும், ரத்த ஓட்டம் உச்சம் தொட 5, 6 நொடி ஆவதால் பல படங்கள் பெரும்பாலும் முன்னதையே திருப்பிச் சொல்லும். 'ஹை ஸ்பீடு' என்று கூடுதல் காசு கேட்டால், எத்தனை நிமிடம் படுக்க வைப்பீர்கள் என்று கேளுங்கள். அப்பா உள்ளே தூங்கிவிட்டாரா என்றும் கேளுங்கள். அதுவே எண்ணை மாற்றும்.

இப்போது என் வயிற்றெரிச்சல். மறதி என்றதும் 'பிரெயின் பேக்கேஜ்' சீட்டைக் கையில் திணிக்கும் ஏஜென்ட்டுக்கு அதில் கமிஷன் உண்டு. கலர் கலராக மூளைப் படம் வரும்; படங்களுக்கு இடையே எத்தனை நொடி என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்காது. சிடி கேட்டால் பத்து ஜேபெக் படம் தருவார்கள். டைகாம் கோப்புகளை, அதாவது ஸ்கேன் மெஷின் தரும் மூலக் கோப்புகளை, கேட்டு வாங்குங்கள். அதில் ரெப்பட்டிஷன் டைம் என்று 2000 அல்லது 800 இருக்கும், மில்லிநொடிக் கணக்கு. காசு கொடுத்த ஸ்கேனுக்கு இதைக் கெஞ்சி வாங்க வேண்டியிருக்கிறது!

இந்த ஸ்கேன் நிஜமாகவே உதவும் ஒரு விதிவிலக்கு உண்டு. மூளைக் கட்டி, வலிப்பு அறுவைக்கு முன் பேச்சுப் பகுதி எங்கே என்று சர்ஜனுக்குத் தெரிய வேண்டும். பெரியவரென்றால் 'வார்த்தை சொல்லுங்கள்' என்று சொல்லிக்கொண்டே படமெடுக்கலாம். சின்னக் குழந்தை, மயக்கத்தில் இருப்பவர், பேச்சே போனவர் என்ன செய்வார்கள்? அவர்களுக்குச் சும்மா படுத்த நிலையில் எடுக்கும் இந்த ஸ்கேன் கைகொடுக்கும். அங்கேயும், முடிந்தவர்களுக்கு, அறுவையின்போது மூளையை நேரடியாக மின்னூட்டித் தொட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். உங்கள் அப்பா அந்த வரிசையில் இல்லை.

நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஞாபகச் சோதனை, பி12, தைராய்டு, அப்பா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல்: முதலில் இவை. சாதாரண எம்ஆர்ஐ படம் மார்ச் சிடியிலேயே இருக்கலாம். அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.