பழைய டர்போவும் புது பில்லும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஐ.டி.யில் வேலை, வயது 31. 2012 மாடல் ஸ்கோடா லாரா ஆர்.எஸ். ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பெங்களூரு பதிவு. ஆனால் மூன்று வருடமாக வேளச்சேரியில்தான் ஓடுகிறது. இரண்டு ஓனர், 82 ஆயிரம் கி.மீ. ஐந்தே முக்கால் லட்சம் சொல்கிறார்கள். காலேஜ் நாளிலிருந்து இந்தக் கார் மேல் கண். அப்பாவோ, "யானையைக் கட்டித் தீனி போடப் போறியா?" என்கிறார். வாங்கலாமா சார்?
– ஒரு வாசகர், மேடவாக்கம்

பதில்: அப்பா சொன்னதில் தப்பில்லை. ஆனால் யானை மேல் ஆசைப்பட்டவர்கள் யானைதான் வாங்குவார்கள், அவர்களிடம் ஆட்டைக் காட்டிப் பயனில்லை. அதனால் "வேண்டாம்" என்று சொல்லிக் கடந்துபோகாமல், எந்த யானை என்று பார்ப்போம்.

முதலில் நல்லது. 1.8 லிட்டர் டி.எஸ்.ஐ. பெட்ரோல் இன்ஜின் (புகையின் வேகத்தில் சுழன்று கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் டர்போ வைத்தது), 160 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். 1,500 ஆர்.பி.எம்.மிலேயே 250 நியூட்டன் மீட்டர் இழுவை கிடைத்துவிடும். உத்தண்டி டோலைத் தாண்டி மூன்றாவது கியரில் லேசாக மிதித்தால், அரை நொடி ஒன்றும் நடக்காது. பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் முதுகு சீட்டில் ஒட்டும். அந்த அரை நொடிக்காகத்தான் இத்தனை பேர் சொத்தை அழிக்கிறார்கள். இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பின்சீட்டில் அப்பா அம்மா தாராளமாக உட்காரலாம், டிக்கியில் கல்யாண வீட்டுச் சாமான் முழுவதும் போகும்.

இனி தலைவலி. பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். இந்தக் கால டி.எஸ்.ஐ. இன்ஜின்களில் டைமிங் செயினை (வால்வும் பிஸ்டனும் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் சங்கிலி) இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனம் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும், முதல் இரண்டு மூன்று நொடி டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குவதுபோல் கலகலவென்று சத்தம் வந்தால் செயின் வேலை காத்திருக்கிறது. ஓடும்போது செயின் தாண்டிவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதும். அப்புறம் இன்ஜினையே இறக்க வேண்டியதுதான்.

அடுத்தது ஆயில். இந்த இன்ஜினின் பிஸ்டன் ரிங் அமைப்பால் பல வண்டிகள் ஆயில் குடிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை சகஜம் என்பது கம்பெனிக் கணக்கு. எனக்கு அது சகஜமாகப் படவில்லை. ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்று ஓனரிடம் கேளுங்கள். "ஊற்றவே இல்லை" என்று சட்டென்று பதில் வந்தால், ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பாருங்கள்.

தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் அது நாளடைவில் வெடித்துக் கசியும். கூலன்ட் காய்ந்த இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால் அதுதான். டைரக்ட் இன்ஜெக்ஷன், அதாவது பெட்ரோல் வால்வைக் கழுவாமல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது என்பதால் வால்வில் கரி படியும். அது பயப்படும் விஷயம் இல்லை, சுத்தம் செய்துகொள்ளலாம்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் பழகிய மெக்கானிக் ஒருவரை ஸ்கேனரோடு கூட்டிப்போங்கள். ஃபால்ட் கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறுக் குறிப்பு) ஒன்றும் இல்லை என்றதும் சந்தோஷப்பட வேண்டாம். முந்தின நாள் அழித்துவிட்டும் வந்து நிற்பார்கள். அழித்திருந்தால், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் ரெடினஸ் சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டும். அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேளச்சேரி என்றதும் எனக்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம்தான் ஞாபகம் வருகிறது. அந்த வாரம் வண்டி எங்கே நின்றது? வாயால் கேட்பதோடு, சீட் பெல்ட்டையும் கேளுங்கள். நாலு பெல்ட்டையும் கடைசிவரை இழுங்கள். எப்போதும் சுருளுக்குள்ளேயே இருக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தை யாரும் துவைப்பதில்லை. அங்கே பழுப்பாக ஒரு கோடு இருந்தால், தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு அதுவே சாட்சி. கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாடை, சீட் தண்டவாளத்தில் துரு இருந்தாலும் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். என்ன விலைக்குக் கொடுத்தாலும் சரி.

பேப்பர் விஷயத்தில் இந்த வண்டி கொஞ்சம் இடிக்கிறது. வேறு மாநிலப் பதிவு வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும். மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார்கள். பெங்களூரு ஆர்.டி.ஓ.விடமிருந்து ஃபாரம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குவதும், இங்கே கட்டவேண்டிய வரியும் யார் தலையில் என்று விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள். என் யோசனை, அவர்களே மாற்றித் தரட்டும். ஆர்.சி.யில் இரண்டாவது ஓனர் பெயர் ஏறியிருக்கிறதா, லோன் பாக்கி இருக்கிறதா என்பதை பரிவாஹன் தளத்தில் பார்த்துவிடலாம்.

இன்னொன்று, 2012 பதிவு என்றால் 2027-ல் 15 வருடம் முடிகிறது. அதற்காக இங்கே ஓரங்கட்டச் சொல்ல மாட்டார்கள். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) காட்டி, ரூ.5,000 கட்டணமும் பசுமை வரியும் கட்டினால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். 2012-ல் இந்த வண்டியை அதை நினைத்துச் செய்யவில்லை. ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் பழையவை என்பதால், வாங்கியதும் மாற்றும் பட்டியலில் அவற்றை முதலில் வையுங்கள்.

பாகங்கள் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். லாரா நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அதே இன்ஜின் சூப்பர்பிலும் வந்தது. அதனால் பார்ட் நம்பர் கையில் இருந்தால் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில்கூட வழி பிறக்கும். ஆர்.எஸ்.ஸுக்கே உரிய பம்பர், சீட்டு வகையறாவுக்குத்தான் அலைச்சல்.

என் கணக்கு: ஐந்தே முக்கால் கேட்கிறார்கள் என்றால், வண்டி விலை போக இரண்டு லட்சம் தனியாகக் கையில் இருக்கவேண்டும். முதல் வருடத்திலேயே அது வேண்டியிருக்கும். சர்வீஸ் பில் ஃபைல் தடியாக இருக்கும் வண்டிக்கு ஐம்பதாயிரம் கூடக் கொடுக்கலாம். பில்லே இல்லாத பளபள வண்டியை ஐம்பதாயிரம் குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். ஆபீஸ் போக ஒரு சின்ன வண்டியையும் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, இது வாரம் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வாரங்களும் வரும்.

கேள்வி: என் பழைய டர்போ காருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் "புது டர்போ" என்று 85 ஆயிரம் வாங்கினார்கள். நாலே மாதத்தில் நீலப் புகை. வேறு மெக்கானிக் பார்த்துவிட்டு, ரீகண்டிஷன் செய்த பழைய டர்போ என்கிறார். பில்லில் "டர்போ – 1" என்று மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: உடனே கழற்றிச் சரிசெய்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. டர்போ மேலுள்ள தகட்டின் நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்து, இரண்டாவது மெக்கானிக்கிடம் எழுத்தில் ஒரு குறிப்பு வாங்குங்கள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து என்ன வாதம் வரும் என்றும் சொல்கிறேன்: "ஆயில் போகும் பைப் அடைத்திருந்தது, அதனால்தான் போச்சு." நிஜமாகவே அப்படியும் போகும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. ஆனால் டர்போ மாற்றும்போது அந்தப் பைப்பைப் பார்க்க வேண்டியது அவர்கள் வேலை. மாற்றியதாகப் பில் இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள்.

பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் சொல்லலாம். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். அடுத்த முறை எந்த ஒர்க்‌ஷாப் ஆனாலும், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பழைய டர்போ கார் வாங்கியதிலிருந்து, வீடு வந்ததும் இன்ஜினை அணைக்காமல் உள்ளேயே இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார். "டர்போ ஆறணும்" என்கிறார். கீழ்த்தளப் பார்க்கிங் முழுக்கப் புகை. உண்மையா, சாக்கா?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: பாதி உண்மைம்மா. ஈ.சி.ஆரில் விரட்டிக்கொண்டு வந்து சட்டென்று அணைத்தால், கொதிக்கும் டர்போவுக்குள் நிற்கும் ஆயில் கருகிப் படியும். அதற்கு ஒரு நிமிடம் விடலாம். ஆனால் நங்கநல்லூர் சந்துகளில் இரண்டாவது கியரில் ஊர்ந்து வரும்போதே டர்போ ஆறிவிடும். தெருமுனையில் நிற்கும் டீசல் இன்னோவாவிலும் டர்போதான், அந்த டிரைவர் உட்கார்ந்திருக்கிறாரா? மூடிய பார்க்கிங்கில் பெட்ரோல் புகை ஆபத்தும்கூட, அதனால் நிறுத்தச் சொல்லுங்கள். ரேடியோவில் பாட்டு முடியட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறாரோ என்னவோ, அதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.