ஆட்டுக்கால் போலொரு மலைக்கிழங்கு

கேள்வி: கொல்லிமலைக்குச் சென்றபோது, அறப்பளீசுவரர் கோயிலருகே ரோமம் அடர்ந்த ஒரு கிழங்கை முடவாட்டுக்கால் என்று விற்றார்கள். அரைக் கிலோ வாங்கிவிட்டேன். எப்படிச் சமைப்பது? மூட்டுவலி தீரும் என்பது உண்மையா?
– வாசகி ஒருவர், ஈரோடு.

பதில்: கிழங்கு என்று அழைத்தாலும் அது மண்ணுக்குள் விளைவதன்று, பாறைகளிலும் மரக்கிளைகளிலும் ஒட்டிப் படரும் பெரணிச் செடி ஒன்றின் தண்டு. பூவோ காயோ இல்லாத அச்செடிக்கு இலைகள் இரண்டு விதம். பச்சையாக நீண்டு வளர்பவை ஒரு விதம். தண்டோடு ஒட்டி, காய்ந்து பழுப்பேறிய பின்னும் உதிராமல் கிண்ணம்போல் நின்று, விழும் சருகுகளைத் தாங்கி மக்கவைத்துச் செடிக்கே உரமாக்குபவை மற்றொரு விதம். முடவனையும் ஆட்டும் கால் என்று பெயருக்கு விளக்கம் சொல்வோர் உண்டு. செம்பட்டை ரோமம் போர்த்த அந்தத் தண்டைக் கையிலெடுத்துப் பார்த்தவர், ஆட்டுக்கால் என்பதற்கு வேறு விளக்கம் கேட்கமாட்டார்.

நான்கு பேருக்கு 100 கிராம் போதும். வெளிறிய பச்சைச் சதை தெரியும்வரை ரோமத்தைக் கத்தியால் சீவி, மண் போக இரண்டு மூன்று முறை கழுவி, சிறு துண்டுகளாக நறுக்கி அரைத்து, நார் தட்டாதபடி வடிகட்டிக்கொள்ளுங்கள். மிளகு, சீரகம், பூண்டு ஆகியவற்றைத் தட்டிப்போட்டு, சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கி, மஞ்சளும் உப்பும் சேர்த்து, இந்தச் சாற்றையும் தேவையான நீரையும் ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட வேண்டும். மிளகைக் குறைத்தால் சூப்பு சப்பென்றிருக்கும். அசைவம் உண்ணாதவர்கள் ஆட்டுக்கால் சூப்புக்கு மாற்றாக இதைக் கொண்டாடுவது ருசிக்காகவும்தான்.

மூட்டுவலிக்கு இதை உண்ணும் வழக்கம் மலைமக்களிடம் நெடுங்காலமாக உள்ளது. விலங்குகளிடம் நடந்த சோதனைகளிலும் இதன் சாறு வீக்கத்தைத் தணித்ததாகப் பதிவுகள் உண்டு. ஆனால் விலங்குச் சோதனையை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; வலி ‘தீரும்’ என்பது விற்பவரின் சொல். உணவாக அவ்வப்போது உண்ணுங்கள். கருவுற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம்.

மீதியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் சில வாரங்கள் கெடாது. நுனி உயிரோடிருக்கும் துண்டொன்றைத் தேங்காய் மட்டையில் கட்டி, நிழலில் தொங்கவிட்டு, நாள்தோறும் நீர் தெளித்துப் பாருங்கள்; சுருண்ட இளந்தளிர் எட்டிப் பார்க்கலாம்.