ராஜினாமா எழுதிக் கொடு என்கிறார்கள், எழுதலாமா?

கேள்வி: ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஏழு வருடம் எட்டு மாதமாக அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தையல் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் மொத்தம் 15,000, அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 13,000. போன வருடம் லைன் சூப்பர்வைசர் என்று கார்டில் மாற்றினார்கள், ஆனால் உட்காருவது அதே மிஷினில்தான். சனிக்கிழமை ஹெச்.ஆர். கூப்பிட்டு ஆர்டர் இல்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் உடனே செட்டில் பண்ணுகிறோம், இல்லையென்றால் வேறு எந்தக் கம்பெனியிலும் சேர முடியாது என்றார். நான் எழுதவில்லை. திங்கட்கிழமை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மொத்தம் இருநூறு பேர் வேலை செய்கிறோம். குழுக் கடன் வேறு ஓடுகிறது. எழுதிக் கொடுத்துவிடலாமா சார்?
– வாசகி, மேல்விஷாரம்

பதில்: எழுதாதீர்கள். இதுவரை எழுதாமல் இருந்ததே பெரிய விஷயம், நிறைய பேர் அந்த அறையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் என்னைத் தேடி வருகிறார்கள்.

அவர்கள் ஆசை காட்டுகிற பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் நீங்கள் ராஜினாமா செய்தாலும் உண்டு, அவர்கள் நிறுத்தினாலும் உண்டு. அதைக் கொடுக்க ராஜினாமா எதற்கு? ஆட்குறைப்பு என்றால் கொடுக்க வேண்டிய வேறு பணம் இருக்கிறது, அந்தக் கடிதம் வந்துவிட்டால் அதைக் கொடுக்க வேண்டாம், அதற்காகத்தான். ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு ஒவ்வொரு வருட சர்வீசுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு வருடமாகக் கணக்காகும் என்பதால் உங்களுக்கு எட்டு வருடம், அதாவது 120 நாள் சம்பளம். ஏறக்குறைய நாலு மாதம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு மறுதிறன் நிதி (வேறு வேலை கற்றுக்கொள்ள உதவும் நிதி) வழியாக இன்னொரு 15 நாள் சம்பளமும் சொல்லியிருக்கிறார்கள். (முந்நூறு பேர் வேலை செய்கிற இடமாக இருந்தால் அரசின் முன் அனுமதியே வேண்டும், உங்கள் கம்பெனி அதற்குக் கீழே.)

சூப்பர்வைசர் என்று கார்டு மாற்றியதற்கும் பயப்பட வேண்டாம். நீங்கள் நிஜத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள், கார்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்று அல்ல. அப்படியே சூப்பர்வைசர் என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்தான் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே போவார். பழைய சட்டத்தில் இது 10,000 ரூபாயாக இருந்தது, இந்தப் பட்டத்தைக் கொடுத்தே பல பேரைக் கழற்றிவிட்டார்கள்.

இப்போது அவசரமான வேலை ஒரு கடிதம். இன்னும் பத்து நாள் போனால் கம்பெனி பக்கம் ஒரு காகிதம் தயாராகிவிடும், “அவராகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்” என்று. அதற்கு முன்னால் உங்கள் காகிதம் அங்கே போய்ச் சேர வேண்டும். வக்கீல் பாஷை தேவையில்லை, இவ்வளவு போதும்:

“ஐயா, நான் அப்பர் தையல் பிரிவில் வேலை செய்கிறேன், டோக்கன் எண் இன்னது. இன்ன தேதி சனிக்கிழமை என்னை ராஜினாமா எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வந்தபோது கேட்டில் உள்ளே விடவில்லை. நான் ராஜினாமா செய்யவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என்னை மீண்டும் வேலைக்கு எடுக்கவும், அல்லது நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் தரவும்.”

தேதி போட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் கவுன்டரில் டெலிவரி சான்று வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அதே கடிதத்தை ஹெச்.ஆர். நம்பருக்கு வாட்ஸ்அப்பிலும் போடுங்கள், நீல டிக் வந்தால் ஸ்கிரீன்ஷாட். பே ஸ்லிப், ஐ.டி. கார்டு, வங்கியில் சம்பளம் ஏறிய விவரம் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். கம்பெனி வேனில் கூட வருகிறவர்களில் திங்கட்கிழமை கேட்டில் நடந்ததைப் பார்த்தவர் யார் என்று இப்போதே குறித்து வையுங்கள், ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

செட்டில்மெண்ட் என்று கூப்பிட்டால் போங்கள், பணத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வேலை செய்த நாளுக்கான சம்பளத்தை நிறுத்தியதிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், அது சலுகை இல்லை. ஆனால் நீட்டுகிற தாள் ஆங்கிலத்தில் இருக்கும், நடுவில் எங்காவது ‘தானாக விலகுகிறேன்’ என்று ஒரு வரி இருக்கும். படித்துப் புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். வேறு வழியில்லை என்றால் கையெழுத்துக்கு மேலேயே தமிழில், “நான் ராஜினாமா செய்யவில்லை, பாக்கிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் இந்தத் தொகையைப் பெறுகிறேன்” என்று எழுதிப் போடுங்கள்.

கிராஜுவிட்டி கணக்கு லேசானது. பேசிக், டி.ஏ. 13,000-ஐ மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் ஒரு நாளுக்கு 500, வருடத்துக்கு 15 நாள் என்று பெருக்கினால் 7,500, எட்டு வருடத்துக்கு 60,000 ரூபாய். முப்பது நாளுக்குள் வர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. ஏழு வருடம் என்று 52,500 காட்டுவார்கள், விடாதீர்கள்.

பி.எஃப். பணத்தை மட்டும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். மாதப் பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் சொச்சம்தான் பாக்கி, இப்போது பென்ஷன் பங்கை எடுத்தால் அது போச்சு. அடுத்த கம்பெனியில் அதே யு.ஏ.என். (பி.எஃப். கணக்குக்கான) நம்பரைக் கொடுங்கள். விலகிய தேதியைக் கம்பெனி ஏற்றாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. வைத்து நீங்களே ஏற்றலாம். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கார்டையும் தூக்கிப் போடாதீர்கள், கட்டிய காலத்துக்கான சிகிச்சை உரிமை வேலை போன அன்றே முடிந்துவிடாது. வேலை இழந்தவர்களுக்கு 90 நாள் வரை பாதிச் சம்பளம் தருகிற அடல் பீமித் திட்டமும் அங்கே உண்டு, அவ்வப்போது நீட்டிக்கிற திட்டம் என்பதால் கிளை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். தானாக விலகியவர் என்று பதிவாகியிருந்தால் அங்கேயும் இடிக்கும்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுங்கள், கட்டணம் கிடையாது. மனுக் கொடுத்து 45 நாள் ஆகியும் முடியவில்லை என்றால் நேரே வழக்குக்குப் போகலாம். முன்பு இதற்கு மூன்று வருட அவகாசம் இருந்தது, புதிய சட்டத்தில் இரண்டுதான். வக்கீல் வைக்கக் காசு இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், பெண் என்பதாலும் தொழிலாளி என்பதாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். வழக்கு இழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் சமரசப் பேச்சிலேயே ஒரு தொகைக்கு வந்து நிற்கும், அதற்குக் கையில் காகிதம் இருந்தால்தான் பேரம் பேச முடியும்.

குழுக் கடனுக்குத் தவணை நாள் வரும் முன்பே போய் வேலை போன விஷயத்தைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரவோ போன் செய்யவோ ரிசர்வ் வங்கி விதி அனுமதிப்பதில்லை.

வேறு எங்கும் சேர முடியாது என்ற மிரட்டல் பாதி உண்மை, ஆம்பூர் முதல் ராணிப்பேட்டை வரை ஹெச்.ஆர்.கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்பார்கள்தான். ஆனால் கை ஓடுகிற அப்பர் டெய்லர் எல்லாருக்கும் தேவை. இன்டர்வியூவில் “ஆர்டர் இல்லாமல் ஆள் குறைத்தார்கள்” என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளுங்கள், பழைய கதை வேண்டாம்.

ஒருவேளை மூன்று மாதம் கழித்துப் பழைய கம்பெனியே கூப்பிடலாம். ஆட்குறைப்பு செய்தவர்கள் ஒரு வருடத்துக்குள் மறுபடி ஆள் எடுத்தால் பழையவர்களுக்குத்தான் முன்னுரிமை தர வேண்டும். காண்ட்ராக்டர் பெயரில் புது ஆளாகச் சேரச் சொன்னால் மட்டும் யோசியுங்கள், பழைய சர்வீஸ் தொடருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு மிஷினில் உட்காருங்கள்.